தோற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்! பேஸ்பால் பிட்சர்களின் ‘வேண்டாத’ சாதனைகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் ஆண்டும் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கப்படும் விருதின் பெயர், ‘சை யங் விருது’. பிட்சர் என்றால் நம்மூர் கணக்குக்கு பௌலர். 1890 முதல் 1911 வரை 22 சீசன்கள் பந்து வீசி 511 ஆட்டங்களில் வென்றவர் சை யங். இன்றைய பிட்சர்கள் 200 வெற்றிகளைத் தொடுவதே பெரும்பாடு என்பதால், அந்த 511 பக்கம் இனி யாரும் வரப்போவதில்லை.

சரி, பேஸ்பால் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களில் தோற்ற பிட்சர் யார் தெரியுமா?

அவரும் சை யங்தான். 315 தோல்விகள்! அதிக ‘ஹிட்’ கொடுத்தவரும் அவரேதான். 7,000-க்கும் மேல் அடி வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பெயரில்தான் சிறந்த பிட்சருக்கு விருது கொடுக்கிறார்கள்.

இதில் கிண்டல் எதுவும் இல்லை. பேஸ்பாலின் மோசமான புள்ளிவிவரப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால், உச்சியில் இருப்பவர்களில் பலர் கத்துக்குட்டிகள் இல்லை, ஜாம்பவான்கள். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த விளையாட்டு தோல்வியை எப்படி எழுதிவைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோல்விக்கு ஒரு பெயர்

கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் இந்தியா தோற்றது, அவ்வளவுதான். ‘பும்ரா தோற்றார்’ என்று ஸ்கோர்கார்டில் எழுத மாட்டார்கள். பேஸ்பாலில் எழுதுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்ற அணியின் ஒரு பிட்சர் பெயருக்கு நேராக அந்தத் தோல்வி ஏறியே ஆக வேண்டும். எதிரணியைக் கடைசிவரை கைவிடாத முன்னிலைக்குக் கொண்டுபோன ரன் யார் கணக்கில் விழுகிறதோ, அவர்தான் ‘தோற்ற பிட்சர்’. அவருடைய அணி பேட்டிங்கில் ஒரு ரன்கூட எடுக்காமல் படுத்துவிட்டாலும், 1-0 என்று தோற்ற பழி அவருக்குத்தான்.

எவ்வளவு அநியாயமான கணக்கு இது என்பதற்கு 1987-ல் நோலன் ரயன் ஆடிய சீசனே போதும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 40 வயதில் வீசிய ரயன், அந்த ஆண்டு நேஷனல் லீகிலேயே அதிகமாக 270 பேட்டர்களை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.76. அதுவும் லீகிலேயே முதலிடம். (ஈ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாகக் கொடுக்கும் ரன். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் இதில் சேராது. 3-க்குக் கீழே இருந்தால் அபாரம், 5-ஐத் தாண்டினால் வேலைக்கே ஆபத்து.) இரண்டு முக்கியப் பட்டியல்களிலும் முதலிடம் பிடித்த அவரது வெற்றி-தோல்விக் கணக்கு என்ன? 8 வெற்றி, 16 தோல்வி. அவர் வீசும் நாள்களில் சக வீரர்களின் மட்டைகள் தூங்கிவிட்டன.

பின்னாளில் விருதுக்கு வாக்களிப்பவர்களுக்கே இது உறைத்தது. 2018-ல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு சை யங் விருதைத் தட்டிச் சென்றார். ஈ.ஆர்.ஏ. 1.70 என்னும்போது வேறு யாருக்குக் கொடுப்பது?

பந்து கையில் கிடைத்தால்தானே!

மோசமான பிட்சர் ஒருவரால் ஒரு சீசனில் எத்தனை ஆட்டங்களில் தோற்க முடியும்? ஐந்தோ, ஆறோ. அதற்குள் அவரை ‘மைனர் லீக்’ என்ற கீழ்மட்ட ஆட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது அணியிலிருந்தே கழற்றிவிடுவார்கள். 20 ஆட்டங்களில் தோற்க வேண்டுமென்றால், 10 தோல்விக்குப் பிறகும், 15 தோல்விக்குப் பிறகும் மேனேஜர் அவரிடமே பந்தைக் கொடுக்க வேண்டும். ‘இவனைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை’ என்று ஓர் அணி நினைத்தால்தான் அது நடக்கும்.

1900-க்குப் பிந்தைய நவீன காலத்தில், ஒரே சீசனில் அதிகம் தோற்றவர் பாஸ்டன் அணியின் விக் வில்லிஸ். 1905-ல் 29 தோல்விகள். 1995-ல் அவரை பேஸ்பாலின் மிக உயரிய கௌரவமான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்த்தார்கள்.

இதைவிட விசித்திரம், அட்லாண்டா பிரேவ்ஸின் ஃபில் நிக்ரோ கதை. ஒஹாயோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பா சொல்லிக்கொடுத்த ‘நக்கிள்பால்’ என்ற பந்துதான் அவருடைய முழு முதலீடு. விரல் நுனியால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் விடும் மெதுவான பந்து அது. காற்றில் எப்பக்கம் ஆடி எப்பக்கம் போகும் என்று பேட்டருக்கும் தெரியாது, பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது, சில நேரம் வீசியவருக்கே தெரியாது! கைக்கு அதிக சிரமம் தராத பந்து என்பதால், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாளிலும் ஃபில் வீசிக்கொண்டே இருப்பார்.

1977 முதல் 1980 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நேஷனல் லீகில் அதிகத் தோல்விகள் அவருக்குத்தான். அந்த நான்கில் 1979 தனி ரகம். அந்த ஆண்டு 20 தோல்விகளோடு தோல்விப் பட்டியலில் முதலிடம், 21 வெற்றிகளோடு வெற்றிப் பட்டியலிலும் முதலிடம்! வெற்றியில் அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? ஹூஸ்டனுக்கு வீசிய அவருடைய சொந்தத் தம்பி ஜோ. அப்போது அண்ணனுக்கு 40 வயது. பிற்காலத்தில் 318 வெற்றி, 274 தோல்வி என்று கணக்கை முடித்துக்கொண்டு, 1997-ல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்.

ஹோம் ரன் பட்டியலும் இதே கதைதான். ஹோம் ரன் என்பது கிட்டத்தட்ட நம் சிக்ஸர். ஒரே சீசனில் அதிக ஹோம் ரன் கொடுத்தவர், மினசோட்டா ட்வின்ஸின் பெர்ட் பிளைலெவன். 1986-ல் சரியாக 50. அடுத்த ஆண்டு 46 கொடுத்தார், அந்த ஆண்டுதான் ட்வின்ஸ் உலகத் தொடரையே வென்றது. வாழ்நாள் கணக்கில் அதிக ஹோம் ரன் கொடுத்தவர் ஜேமி மோயர், 522. அத்தனை அடி வாங்கிய மனிதர் 49 வயதிலும் ஓர் ஆட்டத்தை வென்று காட்டினார். மேஜர் லீகில் வெற்றி பெற்ற மிக வயதான பிட்சர் அவர்தான். நான்கு தவறான பந்து வீசினால் பேட்டர் ஓசியில் முதல் பேஸுக்குப் போய்விடுவார், அதற்கு ‘வாக்’ என்று பெயர். அதிலும் சாதனை நம் நோலன் ரயனுக்குத்தான், 2,795. இரண்டாம் இடத்தில் இருப்பவர் ரயனைவிட ஏறத்தாழ 1,000 பின்தங்கி இருக்கிறார்.

நமக்கு இது புதிதும் இல்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் 18,000-க்கும் மேல் ரன்களை வாரிக்கொடுத்த பௌலர்கள் மூன்றே பேர். ஜேம்ஸ் ஆண்டர்சன், அனில் கும்ப்ளே, முத்தையா முரளிதரன். யாராவது இவர்களை மோசமான பௌலர் என்று சொல்லிவிட முடியுமா?

ஆனால், எல்லோருக்கும் 511 வெற்றிகளோ, ஹால் ஆஃப் ஃபேம் பதக்கமோ ஆறுதலாகக் கிடைப்பதில்லை. தோல்வி மட்டுமே பெயராக மிஞ்சியவர்களும் இருக்கிறார்கள்.

27 தோல்விகள், ஒரு குரங்கு, ஒரு மிருகக்காட்சி சாலை

1992 மே மாதம். நியூயார்க் மெட்ஸ் அணியின் இளம் பிட்சர் அந்தோணி யங் ஓர் ஆட்டத்தில் தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். அதற்கடுத்ததிலும். சீசன் முடிந்தது, 2 வெற்றி, 14 தோல்வி. புது சீசன் பிறந்தது, தோல்வி நிற்கவில்லை. 1911-லிருந்து அசையாமல் இருந்த ‘தொடர்ந்து 23 தோல்விகள்’ என்ற கிளிஃப் கர்டிஸின் சாதனையையும் தாண்டிப் போனார். 1993 ஜூலையில் கணக்கு 27-ல் வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யங் அப்படியொன்றும் மோசமாக வீசவில்லை. 1993-ல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 3.77. அந்தக் கணக்கோடு பல அணிகளில் நிம்மதியாகக் காலம் தள்ளியவர்கள் உண்டு. தோல்வித் தொடரின் நடுவே, 1992-ல், மெட்ஸின் முக்கியப் பிட்சர் ஜான் ஃபிராங்கோ காயமடைந்தபோது, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முன்னிலையைக் காப்பாற்றிக்கொடுக்கும் பொறுப்பு யங்கிடம்தான் வந்தது. அந்த சீசனில் 15 ஆட்டங்களை அவர் அப்படிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால், அதற்கெல்லாம் ‘சேவ்’ என்று தனிக் கணக்கு. ‘வெற்றி’ என்ற கட்டத்தில் எதுவும் ஏறாது.

அவர் வீசிய மெட்ஸ் எப்படிப்பட்ட அணி? 1993-ல் 162 ஆட்டங்களில் 103-ல் தோற்ற அணி. யங் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தபோதும் தோல்வி, நடுவில் வந்தபோதும் தோல்வி. ஒருநாள் ரன் கிடைக்காது, மறுநாள் ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிடுவார், இன்னொரு நாள் அவரே சொதப்பிவிடுவார்.

நாடு முழுவதிலும் இருந்து அவருக்குத் தபாலில் அதிர்ஷ்டப் பொருள்கள் வந்து குவிந்தன. நான்கு இலை க்ளோவர், முயல் கால் என்று அமெரிக்கர்கள் நம்பும் எல்லாமும். யங் போகும் ஊரிலெல்லாம் நிருபர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் உட்கார்ந்தார். முப்பதைத் தொடாத ஒரு இளைஞர், தன் வேலையைப் பற்றி உலகம் ஒரேயொரு எண்ணை மட்டும் பேசுவதை ஒரு வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருந்திருக்கும்?

1993 ஜூலை 28, நியூயார்க் ஷே ஸ்டேடியம். எதிரணி ஃபுளோரிடா மார்லின்ஸ். 3-3 என்று சமநிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் யங் வந்தார். ஒரு ரன் போனது, அதுவும் ஃபீல்டிங் பிழையால். 4-3. ‘28’ என்று எல்லோரும் எழுதத் தயாரானபோது, மெட்ஸ் பேட்டர்கள் முதல்முறையாக அவருக்காக விழித்துக்கொண்டார்கள். ஸ்கோர் சமமானது. அடுத்து எட்டி மர்ரே அடித்த ‘டபுள்’, வெற்றிக்கான ரன்னைக் கொண்டுவந்தது. 5-4. சக வீரர்கள், ஏதோ உலகத் தொடரையே வென்றதுபோல அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நெடுநாள் சுமை இறங்கினால் ‘முதுகிலிருந்த குரங்கு இறங்கியது’ என்று சொல்வது அமெரிக்கர்களின் வழக்கம். அன்று யங் சொன்னது: இறங்கியது ஒரு குரங்கு இல்லை, மிருகக்காட்சி சாலையே!

அந்த சீசனில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். வாழ்நாள் கணக்கு 15 வெற்றி, 48 தோல்வி. பிற்காலத்தில் ஹூஸ்டன் பகுதியில் சிறுவர்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்து வந்த அவர், மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டு 2017 ஜூனில் 51 வயதில் காலமானார். 27 என்ற அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை.

பொம்மையோடு காவல் காத்தவர்

ஒரு சீசனில் 20 தோல்வி என்பது பிட்சர்களுக்குக் கெட்ட கனவு. 1980-ல் ஓக்லாண்ட் அணியின் பிரையன் கிங்மேன் 8 வெற்றி, 20 தோல்வி என்று முடித்தார். இத்தனைக்கும் அந்த ஆண்டு ஓக்லாண்ட், தோற்றதைவிட அதிக ஆட்டங்களில் வென்ற அணி! அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் 20-ஐத் தொடவில்லை. ஆரம்பத்தில் கசந்த அந்தப் பட்டத்தைக் கிங்மேன் மெள்ள மெள்ள ரசிக்க ஆரம்பித்துவிட்டார். யாராவது 20-ஐ நெருங்கினால், அது நடந்துவிடக் கூடாது என்று வூடூ பொம்மையும் கையுமாக மைதானத்துக்குக் கிளம்பிப் போனதும் உண்டு. பட்டம் கைவிட்டுப் போய்விடுமே!

2003-ல் பொம்மை பலிக்கவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் அந்த ஆண்டு 43 வெற்றி, 119 தோல்வி என்று முடித்த பரிதாபமான அணி. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றதால்தான் 120 தோல்வி என்ற அவமானத்திலிருந்து தப்பியது. அந்த சீசனின் முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் மைக் மரோத் என்ற இடக்கைப் பிட்சர். முதல் ஒன்பது முடிவுகளும் அவருக்குத் தோல்விதான்.

ஆகஸ்ட் முடியும்போது அதே அணியில் இரண்டு பேர் 20-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மரோத், வயது 26. இன்னொருவர் ஜெரமி பாண்டர்மேன், வயது வெறும் 20. நிர்வாகம் பாண்டர்மேனைக் காப்பாற்ற நினைத்தது. வளர்கிற பையன் மீது இந்த முத்திரை விழ வேண்டாம் என்று, செப்டம்பரில் தொடக்கப் பிட்சர் வரிசையிலிருந்து எடுத்தது. அவர் 19-ல் தப்பித்தார்.

மரோத் அப்படி ஒதுங்க விரும்பவில்லை. தன் முறை வந்தால் வீச வேண்டும் என்பதுதான் அவர் நிலை. செப்டம்பர் 5, டொரன்டோவில் புளூ ஜேஸுக்கு எதிராக 8-6 என்று தோற்றார். இருபதாவது. அதற்குப் பிறகும் பந்தை வாங்கி வீசி, சீசனை 9 வெற்றி, 21 தோல்வியோடு முடித்தார்.

இருவரில் யார் செய்தது சரி? பாண்டர்மேன் மூன்றே ஆண்டுகளில், 2006 ப்ளே-ஆஃபில் நியூயார்க் யாங்கீஸை வெளியேற்றிய ஆட்டத்தின் வெற்றிப் பிட்சர் ஆனார். அவரைக் காப்பாற்றியது வீண்போகவில்லை. மரோத்தும் உடைந்துபோய்விடவில்லை. 21 தோல்விக்கு அடுத்த ஆண்டு, 2004 ஜூலையில், அதே யாங்கீஸுக்கு எதிராக முழு ஆட்டத்தையும் வீசி, ஒரேயொரு ஹிட் மட்டுமே கொடுத்தார்.

மரோத்துக்குப் பிறகு யாரும் 20 ஆட்டங்களில் தோற்கவில்லை. பிட்சர்கள் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, ஆட்டம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் தொடக்கப் பிட்சரை ஐந்து, ஆறு இன்னிங்ஸிலேயே மாற்றிவிட்டு, அடுத்தடுத்துப் புது ஆள்களைக் கொண்டுவருகிறார்கள். வெற்றி, தோல்வி இரண்டும் பலர் பெயருக்குப் பிரிந்துபோகிறது. 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலச் சாதனை படைத்தபோதுகூட, அந்த அணியில் அதிகம் தோற்ற கிறிஸ் ஃபிளெக்ஸனின் கணக்கு 15-தான்.

14 கோடி டாலர் கேள்வி

சமீபத்தில் அந்த 20-க்கு மிக அருகில் போனவர் பேட்ரிக் கார்பின். அவர் கதையில் பணமும் இருக்கிறது, கோப்பையும் இருக்கிறது.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கார்பினை எடுத்தது. முதல் ஆண்டிலேயே பலன் கிடைத்தது. 2019 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஹூஸ்டன் மைதானத்தில் நேஷனல்ஸ் பின்தங்கியிருந்தபோது, நடுவில் இறங்கிய கார்பின் மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நேஷனல்ஸ் 6-2 என்று வென்றது. அந்த அணியின் முதல் சாம்பியன் பட்டம் அது. அன்றைய வெற்றிப் பிட்சர், கார்பின்.

அதன்பிறகு எல்லாம் தலைகீழ். அவருடைய முக்கிய ஆயுதமான ‘ஸ்லைடர்’ பந்துக்கு முன்புபோல பேட்டர்கள் ஏமாறவில்லை. 2021-ல் 16 தோல்வி. 2022-ல் 6 வெற்றி, 19 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.31. அந்த ஆண்டு மேஜர் லீக் முழுவதிலும் அதிகம் தோற்றவர் அவர்தான். 2023-ல் 15 தோல்வி. ரசிகர்கள் விடவில்லை. அவர் பெயரும் சம்பளமும் ஒரே வாக்கியத்தில்தான் பேசப்பட்டன.

நேஷனல்ஸ் ஏன் அவரை நிறுத்தவில்லை? சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டும் என்பது ஒரு காரணம். 2019 அணியைக் கலைத்துவிட்டு இளைஞர்களை வளர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த இளம் கைகளைக் களைத்துப்போகவிடாமல் இன்னிங்ஸ்களைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பது இன்னொன்று. கார்பின் சுமந்தார். 2021-லிருந்து 2024 வரை ஒவ்வொரு சீசனிலும் 31 அல்லது 32 ஆட்டங்களைத் தொடங்கிவைத்தார். தோள்பட்டை, முழங்கை என்று பிட்சர்கள் வரிசையாக அறுவை சிகிச்சை மேசைக்குப் போகும் காலத்தில், ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒருவர் தவறாமல் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. அவர் வந்து நின்றதால்தான் அவர் பெயர் அந்தப் பட்டியல்களில் ஏறியது.

2024-ஓடு ஒப்பந்தம் முடிந்தது. 35 வயது, நான்கு ஆண்டுகளில் 63 தோல்வி. அத்தோடு கார்பின் வீட்டுக்குப் போய்விடுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2025 மார்ச்சில், தங்கள் பிட்சர்கள் சிலர் காயத்தில் படுத்துவிட, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரைக் கூப்பிட்டது. பழைய சம்பளத்தில் ஒரு சிறு துளிதான். கார்பின் ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் மறுபடியும் பந்தோடு களத்தில் நின்றார்.